பெயர்களைச் சுமந்து வரும் பாய்மரங்கள்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம் நடக்கிறது. அதைத் தொடர்ந்து நம் பங்குகளிலும் அன்னையின் நவநாள் மன்றாட்டு ஒலிக்கிறது. ஏறத்தாழ அதே நாட்களில், உலகின் மறுகோடியில் உள்ள ஒரு மீனவ நகரம் பழைய மரக் கப்பல்களைத் தன் துறைமுகத்துக்கு வரவேற்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு வடகிழக்கே உள்ள குளோஸ்டர் என்னும் ஊர் அது. அங்கே 1985ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ஸ்கூனர் விழாவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

எங்கோ நடக்கும் படகு விழா நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் மறைமாவட்டத்தின் கடற்கரைப் பங்குகளில் கடலுக்குக் கணவரையோ மகனையோ கொடுக்காத குடும்பங்கள் மிகச் சில. இழந்தவர்களை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்வி நமக்கும் உண்டு. அந்தக் கேள்விக்கு குளோஸ்டர் மக்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் நாம் அறிந்துகொள்வது நல்லது.

விழாவின் காட்சி

குளோஸ்டர் 1623ஆம் ஆண்டு மீன்பிடிப்பதற்காகவே உருவான குடியிருப்பு. அமெரிக்காவின் மிகப் பழைய மீன்பிடித் துறைமுகம் என்று அதைச் சொல்வார்கள். செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்நாட்டில் தொழிலாளர் நாள். அதையொட்டிய வார இறுதியில் பல ஊர்களிலிருந்தும் ஸ்கூனர் எனப்படும் பாய்மரக் கப்பல்கள் அங்கே வந்து சேர்கின்றன. மக்கள் அவற்றில் ஏறிப் பார்க்கலாம், மாலுமிகளோடு பேசலாம். இரவில் படகுகள் விளக்கொளியோடு பவனி வரும், வாணவேடிக்கையும் உண்டு.

ஞாயிறு காலையில்தான் விழாவின் சிகரம். எல்லாக் கப்பல்களும் பாய் விரித்து, துறைமுகத்தின் உட்பகுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கிப் பவனியாகப் போகின்றன. கரையில் மக்கள் திரள்கிறார்கள். பீரங்கிகள் வெடித்து வணக்கம் சொல்கின்றன. பிறகு அலைதடுப்புச் சுவருக்கு வெளியே பந்தயம் நடக்கிறது.

பந்தயத்தின் முக்கியப் பரிசு எஸ்பெராண்டோ கோப்பை. 1920ஆம் ஆண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், உண்மையான மீன்பிடிக் கப்பல்களுக்கு மட்டுமான பன்னாட்டுப் பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் கனடாவின் டெலவானாவைத் தோற்கடித்து வென்றது குளோஸ்டரின் எஸ்பெராண்டோ. வென்ற கப்பல் மறு ஆண்டே, 1921இல், சேபிள் தீவுக்கு அருகே மூழ்கியது. நல்லவேளையாக அதிலிருந்தவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பின் வந்த கொலம்பியா என்ற புகழ்பெற்ற பந்தயக் கப்பலோ 1927 ஆகஸ்டுப் புயலில் தன் ஆட்கள் அனைவரோடும் மறைந்துபோனது.

இன்று வெற்றிக்கோப்பையாகக் கையில் ஏந்தப்படும் பெயர், கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலின் பெயர். இந்த விழாவைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல தொடக்கம்.

ஸ்கூனர் என்றால் என்ன?

பழைய பெரிய கப்பல்களில் சதுரப் பாய்களைக் கப்பலின் குறுக்காகத் தொங்கவிடுவார்கள். காற்று பின்னாலிருந்து வீசும்போது அவை நன்றாக இழுக்கும். எதிர்க்காற்றில் அவற்றால் அதிகம் பயனில்லை. அவற்றைச் சுருட்டவும் விரிக்கவும் பலர் பாய்மரத்தின் மேல் ஏற வேண்டும். ஸ்கூனரில் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் அமைந்தவை. பெரும்பாலும் இரண்டு பாய்மரங்கள்; பின்னால் இருப்பது உயரமானது. எதிர்க்காற்றிலும் சாய்ந்து சாய்ந்து முன்னேறும். தளத்தில் நின்றபடியே குறைந்த ஆட்களைக் கொண்டு பாய்களைக் கையாளலாம். மீனவனுக்கு இது பெரிய வசதி. முதல் ஸ்கூனர் 1713ஆம் ஆண்டு தங்கள் ஊரில்தான் கட்டப்பட்டது என்று குளோஸ்டர் மக்கள் வழிவழியாகப் பெருமையோடு சொல்லி வருகிறார்கள்.

இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் உருவானது குளோஸ்டருக்கு அடுத்துள்ள எசெக்ஸ் என்னும் சிற்றூரில். ஓர் ஆற்றங்கரையை நம்பிய அந்தச் சின்ன ஊரில், நூற்றாண்டுகளினூடே ஏறத்தாழ 4,000 கப்பல்கள் கட்டப்பட்டன. தூத்துக்குடியில் தோணி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை முற்றிலும் புதிதாகத் தெரியாது. முதலில் ஏராவை இடுவார்கள். ஓக் மரத்தை அறுத்து வங்குகளைச் செய்து அதன்மேல் நிறுத்துவார்கள். வங்குகளின் மேல் பலகைகளை மர ஆணிகளால் பிணைப்பார்கள். பலகைகளின் இடைவெளியில் நாரை இறுக்கி அடைத்துக் கலப்பத்து அடிப்பார்கள். அங்கேயும் ஓடாவிகளின் அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குக் கண்ணாலும் கையாலும் வந்தது.

விரைவுக்குக் கொடுத்த விலை

அந்தக் காலத்து ஸ்கூனர்களின் படங்களைப் பார்த்தால் மெலிந்து நீண்ட உடலும் உயர்ந்த பாய்களுமாக மிக அழகாக இருக்கும். அந்த அழகுக்குக் காரணம் சந்தை.

பனிக்கட்டியில் வைத்த பச்சை மீனுக்குக் கிராக்கி வந்தபின், முதலில் கரைசேரும் கப்பலுக்கே நல்ல விலை. இரண்டாவதாக வருபவருக்குக் குறைந்த விலை. ஆகவே கப்பல் விரைவாக ஓட வேண்டும். அதே வேளையில் அன்றைய குளோஸ்டர் துறைமுகத்தின் படகுத்துறைகள் ஆழமற்றவை. ஆகவே கப்பலின் அடிப்பகுதியும் ஆழமற்றதாக இருக்க வேண்டும். பெரிய பாய், அகன்ற உடல், ஆழமில்லாத அடிப்பகுதி. நல்ல காற்றில் இத்தகைய கப்பல் பறக்கும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டாலோ மீண்டும் நிமிராது. கடல் உள்ளே புகுந்துவிடும்.

ஜார்ஜஸ் பேங்க் என்று ஒரு கடற்பகுதி உண்டு. நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் வகையில், கடலடியில் உயர்ந்து நிற்கும் பரந்த மேடு அது. குளிர்காலத்தில் காட் மீன் அங்கே கூடும். கப்பல்கள் அருகருகே நங்கூரமிட்டுத் தூண்டில் போடும். புயலில் ஒரு கப்பலின் நங்கூரக் கயிறு அறுந்தால் அது அடுத்த கப்பலின் மேல் மோதும்; இரண்டுமே மூழ்கும். 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி இரவில் அடித்த புயலில் மட்டும் 15 ஸ்கூனர்களும் 120 மனிதர்களும் அழிந்தார்கள். 1879ஆம் ஆண்டு அந்த ஒரே ஊர் 29 கப்பல்களையும் 249 மீனவர்களையும் இழந்தது. ஒரு பங்கில் ஓராண்டில் 249 இறப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடக்கம் செய்ய உடல்கூட இல்லை.

ஸ்கூனர் தாய்க்கப்பல் மட்டுமே. பின்னாளில் மீன்பிடிப்பு நடந்தது டோரி எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில். கப்பலின் தளத்தில் கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அவை அடுக்கியிருக்கும். மீன் பகுதிக்கு வந்ததும் படகுக்கு இருவராக இறங்கி, நூற்றுக்கணக்கான தூண்டில்கள் கட்டிய நீண்ட கயிற்றைக் கடலில் விரிப்பார்கள். திடீரென்று மூடுபனி சூழ்ந்தால் தாய்க்கப்பல் கண்ணுக்கு மறைந்துவிடும்.

ஹோவர்ட் பிளாக்பர்ன் என்பவரின் வரலாற்றைக் குளோஸ்டரில் சிறுபிள்ளையும் அறியும். 1883 ஜனவரியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் அவரும் தாமஸ் வெல்ச் என்ற தோழரும் டோரியில் இருந்தபோது பனிப்புயல் அவர்களைக் கப்பலிலிருந்து பிரித்துவிட்டது. கையுறைகள் தொலைந்துபோயின. கைகள் உறைந்து பயனற்றுப் போகும் என்று உணர்ந்த பிளாக்பர்ன், துடுப்பைப் பிடித்த நிலையிலேயே விரல்கள் உறையும்படி விட்டார். தோழர் குளிரில் இறந்தார். அவரது உடலைக் கடலில் விட்டுவிடாமல் படகில் வைத்துக்கொண்டே துடுப்பு வலித்து ஐந்தாம் நாள் கரையை அடைந்தார். எல்லா விரல்களையும் இழந்தார். விரலில்லாத அந்த மனிதர் பின்னர் 1899இலும் 1901இலும் தனியாகவே பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார்!

அவரது துணிச்சலைப் பாராட்டாதவர் இல்லை. எனக்கு அதைவிட மேலாகத் தோன்றுவது அவர் தோழரின் உடலோடு கரைக்கு வந்ததுதான். அடக்கம் செய்யப்படும் உரிமை அந்த மனிதனுக்கு உண்டு என்று, உயிர் போகும் வேளையிலும் அவர் நம்பினார்.

முதல் பதில்: பெயர்களை எழுதினார்கள்

குளோஸ்டரின் கடற்கரைச் சாலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. மழையங்கி அணிந்த ஒரு மீனவர், சாய்ந்த தளத்தில் கால்களை ஊன்றிச் சுக்கான் சக்கரத்தை இறுகப் பிடித்துக் கடலை நோக்குகிறார். லியனார்ட் கிராஸ்க் என்னும் சிற்பி வடித்தது. ஊரின் 300ஆம் ஆண்டு நிறைவையொட்டித் திட்டமிடப்பட்டு 1925இல் அர்ப்பணிக்கப்பட்டது. கடலில் தொழில் செய்வோரைப் பற்றிப் பேசும் 107ஆம் திருப்பாடலின் சொற்கள் அதன் பீடத்தில் உள்ளன.

சிலையைச் சுற்றிப் பிற்காலத்தில் பெயர்ப் பலகைகள் வைக்கப்பட்டன. கடலில் மாண்ட குளோஸ்டர் மீனவர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மொத்தம் 5,368 பெயர்கள். போர்த்துக்கீசியர், அயர்லாந்துக்காரர், சுவீடன் நாட்டவர், இத்தாலியர், நோவா ஸ்கோஷியாவிலிருந்தும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் என்று எத்தனையோ மக்களின் பெயர்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு அதுவே கல்லறை. ஆகஸ்டு மாதத்தில் அங்கே நினைவு வழிபாடு நடத்தி, மலர்களைக் கடலில் இடுகிறார்கள். சற்றுத் தள்ளி, குழந்தைகளோடு கடலை நோக்கி நிற்கும் ஒரு தாயின் சிலை. மீனவர்களின் மனைவியரை நினைவுகூரும் அது 2001இல் எழுந்தது. காத்திருந்தவர்களையும் அவர்கள் மறக்கவில்லை.

ஸ்கூனர் விழாவின் பாய்மரப் பவனி இந்தச் சிலைகள் நிற்கும் கடற்கரைச் சாலையைப் பார்த்தபடியே நடக்கிறது. அழகைக் காண வந்தவர்கள் நிற்கும் இடமும் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும் இடமும் ஒன்றே. அந்த விழாவில் ஆரவாரத்தோடு ஓர் ஆழமும் இருப்பதற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

இரண்டாவது பதில்: படகைத் திருத்தினார்கள்

பெயர்களை எழுதுவதோடு அந்த மக்கள் நிற்கவில்லை. இறப்புகளைக் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிட்டு அதே கப்பலை மீண்டும் கட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்பாத சிலர் அங்கே இருந்தார்கள்.

ஜோசப் காலின்ஸ் அவர்களில் முதன்மையானவர். சிறுவயதிலேயே கடலுக்குப் போய், தண்டலாக உயர்ந்து, பின்னர் அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றியவர். கப்பல்கள் கவிழ்வதற்குப் புயல் மட்டும் காரணமல்ல, ஆழமற்ற உடலமைப்பும் காரணம் என்று 1882 முதல் எழுதியும் பேசியும் வந்தார். ஆழமான அடிப்பகுதி கொண்ட கப்பலும் விரைவாக ஓடும் என்று காட்டுவதற்காக கிராம்பஸ் என்ற ஸ்கூனர் 1886இல் கட்டப்பட்டது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழக்கத்தை விடுவது கடினம். ஆனாலும் சில ஆண்டுகளிலேயே புதிய ஸ்கூனர்கள் ஆழமானவையாக வரத் தொடங்கின.

இன்னொருவர் தாமஸ் மெக்மேனஸ். பாஸ்டனில் வாழ்ந்த அயர்லாந்து வழிவந்த குடும்பத்தவர், மீன் வணிகர், கப்பல் வடிவமைப்பாளர். ஸ்கூனரின் அணியத்துக்கு முன்னால் ஒரு நீண்ட மரம் கடலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பாயைச் சுருட்ட மாலுமிகள் அந்த மரத்தின் மேல் ஏறிப் போக வேண்டும். அலை எழும்போது அணியம் நீருக்குள் அமிழும். ஆளை அடித்துக்கொண்டு போகும். விதவைகளை உண்டாக்கும் மரம் என்றே மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மெக்மேனஸ் அந்த மரத்தையே நீக்கிவிட்டு, கப்பலின் அணியத்தை முன்னோக்கி நீட்டி வடிவமைத்தார். அவ்வகையில் முதலாவதான ஹெலன் பி. தாமஸ் 1902இல் கடலில் இறங்கியது. முன்பாயைச் சுருட்டுபவர் இனி தளத்தில் நின்றே சுருட்டலாம்.

விழாவில் நாம் காணும் அட்வென்ச்சர் என்ற பெரிய ஸ்கூனருக்கு முன்னால் நீட்டிய மரம் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வடிவ வேறுபாடு. உண்மையில் அந்த இல்லாத மரத்தின் இடத்தில் எத்தனையோ பேரின் உயிர் இருக்கிறது. இறந்தவர்கள் இருப்பவர்களுக்கு விட்டுச்சென்ற பாடத்தை, மரத்தில் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது அந்தக் கப்பல்.

கையில் கப்பல் ஏந்திய அன்னை

குளோஸ்டரின் குன்றின் மேல், இரு நீலக் குவிமாடங்களுக்கு நடுவே அன்னை மரியாவின் திருவுருவம் நிற்கிறது. வலக்கை ஆசி வழங்குகிறது. இடக்கையில் வழக்கமாகக் குழந்தை இயேசு இருக்கும் இடத்தில் ஒரு ஸ்கூனர் இருக்கிறது! நற்பயண அன்னை ஆலயம் அது. அசோரஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய போர்த்துக்கீசிய மீனவர்கள் 1893இல் முதல் ஆலயத்தை எழுப்பினார்கள். 1914இல் அது தீக்கிரையானது. அதன்பின் இப்போதைய ஆலயத்தைக் கட்டினார்கள். உள்ளே கப்பல்களின் சிறு வடிவங்கள் காணிக்கையாக வைக்கப்பட்டுள்ளன. 1922இல் கோபுரத்தில் இசைமணிகள் ஏற்றப்பட்டன.

நமக்கு இது அந்நியமான பக்தி அல்ல. தூத்துக்குடியின் பனிமய மாதா திருவுருவமே 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததென்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் மரபு. வேளாங்கண்ணியில் கரைசேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகளின் நன்றியை நாம் இன்றும் பேசுகிறோம். கடலோரக் கிறிஸ்தவர்கள் எந்த மொழி பேசினாலும் அன்னையின் கையில் தங்கள் படகை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இந்த அன்னையின் உருவத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குழந்தையை ஏந்தும் கரத்தில் அவர் கப்பலை ஏந்துகிறார். கப்பலுக்குள் இருப்பது யார்? இன்னொரு தாயின் பிள்ளை. ஒவ்வொரு கப்பலையும் ஒரு தாயின் பிள்ளையாகப் பார்க்கத் தெரிந்தவர், அதை ஓட்டைப் பலகையோடு கடலுக்கு அனுப்ப மாட்டார். காலின்ஸும் மெக்மேனஸும் செய்த பணியை நான் அந்த அன்னையின் பார்வையிலேயே காண்கிறேன்.

அழியவிருந்த கலை

இயந்திரங்கள் வந்தபின் பாய்மரக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. சில விற்கப்பட்டன; சில ஆற்றுச் சேற்றில் மட்கின. மரக் கப்பலைக் கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே அது மக்கத் தொடங்கிவிடும்.

அட்வென்ச்சர் 1926இல் எசெக்ஸில் கட்டப்பட்டது. நீளம் 121 அடி. 1953 வரை டோரிகளைச் சுமந்து மீன்பிடித்தது. அவ்வகையில் அமெரிக்காவில் கடைசியாகத் தொழில் செய்தவற்றுள் ஒன்று அது. டோரியில் இறங்க இளைஞர்கள் வராததால், வயது முதிர்ந்த ஆட்களோடு அதன் தொழில் ஓய்ந்தது. பின்னர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1988இல் குளோஸ்டருக்குத் திரும்பிவந்தபோது அதன் மரங்கள் தளர்ந்திருந்தன. மக்கள் பல ஆண்டுகள் நிதி திரட்டி, பலகை பலகையாக மாற்றி, அதை மீண்டும் கடலில் ஓட விட்டார்கள்.

எர்னஸ்டினா மாரிசி என்ற கப்பலின் கதை இன்னும் வியப்பானது. 1894இல் எசெக்ஸில் பிறந்தது, முதலில் மீன்பிடித்தது, பிறகு வடதுருவ ஆய்வுப் பயணங்களுக்குப் போனது, அதன்பின் ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளிலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. 1982இல் கேப் வெர்டே மக்கள் அதை அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். செல்வம் குறைந்த ஒரு நாடு செல்வம் மிகுந்த நாட்டுக்கு அதன் வரலாற்றைத் திருப்பித் தந்தது!

புதிதாகக் கட்டுவது நின்றுபோயிருந்த எசெக்ஸில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1997இல் மீண்டும் பழைய முறையில் ஒரு ஸ்கூனர் உருவானது. தாமஸ் இ. லானன் என்பது அதன் பெயர். கட்டியவர் ஹெரால்ட் பர்ன்ஹாம். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் கப்பல் கட்டிய குடும்பத்தில் வந்தவர். 2011இல் ஆர்டெல் என்ற இன்னொரு ஸ்கூனரையும் கட்டினார். இன்று விழாவுக்கு வரும் சிறுவன் ஒருவன் அந்தக் கப்பலின் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாய் ஏற்ற உதவலாம். பாரம்பரியம் என்பதற்கு இலத்தீனில் கையளித்தல் என்றே பொருள். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் இருக்கும்வரைதான் அது உயிரோடிருக்கும். நம்பிக்கைக்கும் இது பொருந்தும், நண்பர்களே.

ஒரு தமிழ்க் கப்பல் அங்கே சென்றது

குளோஸ்டர் துறைமுகத்துக்கும் நமக்கும் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி அங்கே வந்து நின்றது, இரண்டு பாய்மரங்கள் கொண்ட ஒரு மரக் கப்பல். அது பிறந்த இடம் யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறை. அந்த ஊர் ஓடாவிகள் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற வணிகக் கப்பல்தான் அது. நீளம் 89 அடி. உலகைப் படகில் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு மனம் பறிகொடுத்து வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அமெரிக்கத் தலைவர் ஒருவரின்கீழ் வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதைச் செலுத்தி, சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நேர்த்தியான மரக் கப்பல்களைப் பார்த்துப் பழகிய மக்களின் கண்முன் நம் ஓடாவிகளின் கைவேலை போய் நின்றது. ஏராவிட்டு வங்கு நிறுத்தும் அறிவு எசெக்ஸுக்கு மட்டும் உரியதல்ல. நம்மிடமும் அந்த அறிவு இருந்தது, இருக்கிறது. அதைப் படித்த அறிவாக மதித்தோமா என்பதுதான் கேள்வி. தோணி கட்டும் முதியவரிடம் போய் அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைக்கும் இளைஞர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்?

நாம் செய்ய வேண்டியவை

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறந்திருக்க முடியாது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்கள் தங்கித் தொழில் செய்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாமல் போனது. காணாமற்போனவர் இறந்தாரா என்றுகூடத் தெரியாமல் பெண்கள் ஆலய முற்றங்களில் காத்திருந்தார்கள். செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் கருவிகள் அதன்பின் படகுகளுக்கு வழங்கப்பட்டன. குளோஸ்டர் கற்ற பாடத்தை நாமும் அதே கடினமான வழியில் கற்றோம்.

ஆகவே குளோஸ்டரின் இரண்டு பதில்களையும் நம் பங்குகளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பெயர்களை எழுதுவோம். இறந்த விசுவாசிகளின் நாளில் கல்லறைகளை அலங்கரித்து மந்திரிக்கிறோம். கல்லறை இல்லாதவருக்கு யார் மெழுகுதிரி ஏற்றுவது? ஒவ்வொரு கடற்கரைப் பங்கும் கடலில் மாண்டவர்களின் பெயரையும் நாளையும் படகின் பெயரையும் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, ஆலயத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, படகைத் திருத்துவோம். உயிர்காப்பு அங்கி வீட்டில் தொங்குகிறதா, படகில் இருக்கிறதா? எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா? பழுதான இயந்திரத்தோடும் தளர்ந்த பலகையோடும், கடனுக்காகவும் விலைக்காகவும் புயல் நாளில் போகச் சொல்லும் நெருக்கடி யாரிடமிருந்து வருகிறது? படகு உரிமையாளரும் வட்டிக்குக் கொடுத்தவரும்கூட நம் ஆலயத்தில் நம் பக்கத்திலேயே முழங்காலிடுகிறவர்கள்தாம். முதலில் கரைசேர்ந்தவருக்கே நல்ல விலை என்ற சந்தை விதிதான் அன்று குளோஸ்டரின் பிள்ளைகளை மூழ்கடித்தது. அன்பியக் கூட்டங்களில் இதை வெளிப்படையாகப் பேசுவது பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிப்பதைப் போன்ற புனிதமான செயல்.

புயலில் சீடர்கள் கதறியபோது இயேசு காற்றை அதட்டி அமைதிப்படுத்தினார் என்று நற்செய்தி கூறுகிறது. சீடர்களின் பயத்தை அவர் பின்னர்தான் கடிந்துகொண்டதாக மாற்கு எழுதுகிறார். முதலில் செய்தது அவர்களது உயிரைக் காத்தது. மீனவரின் படகில் ஏறிய ஆண்டவருக்கு மீனவரின் உயிர் சிறிய விஷயமாக இருக்கவில்லை.

அடுத்த முறை நம் ஊரில் படகு மந்திரிப்பு நடக்கும்போது, தீர்த்தம் தெளிக்க வரும் குருவிடம் படகின் பெயரைச் சொல்வதோடு, அந்தக் குடும்பத்தில் கடலில் மாண்டவரின் பெயரையும் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கிகளையும் வெளியே எடுத்து வையுங்கள். இரண்டையும் சேர்த்தே மந்திரிப்போம். நற்பயண அன்னை நம் பிள்ளைகள் அனைவரையும் தம் கரத்தில் ஏந்திக் கரைசேர்ப்பாராக!